வௌவால்கள் கொண்டுபோன இரவு

ஆலங்கண்மாயில் அறுபத்திரண்டு நாள் இரவே வராமல் இருந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள், உள்ளூர்க்காரர்களோ அறுபத்திரண்டு இல்லை அறுபத்து மூன்று என்று சண்டைக்கு வருவார்கள், ஏனென்றால் இரவு வராத ஊரில் ஒரு நாளை எங்கே முடித்து எங்கே தொடங்குவது என்பதில் அவர்களுக்குள்ளேயே இன்றுவரை ஒற்றுமை இல்லை. ஆனால் இதற்கெல்லாம் யார் காரணம் என்று கேட்டால் மட்டும் ஊரே ஒற்றுமையாக ஒரு திசையில் விரலை நீட்டும், அந்த விரல்களின் நுனியில் வேட்டுக்காரர் அழகுமலை நிற்பார். நீட்டியதில் தப்பு ஒன்றும் இல்லை.

அந்த ஊரில் நாலு தலைமுறையாக யாரும் வெடி வெடித்தது கிடையாது. கண்மாய்க்கரை ஆலமரத்தில் ஆயிரக்கணக்கில் தொங்கிய பெரிய வௌவால்கள் முனியாண்டியின் பிள்ளைகள் என்பதால், தீபாவளிக்குக் கம்பி மத்தாப்போடு நிறுத்திக்கொள்வார்கள், கல்யாண மேளத்தை ஊர் முக்கிலேயே நிறுத்தச் சொல்வார்கள், செத்துப்போனவர்கூட அங்கே சத்தம் காட்டாமல்தான் சுடுகாட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். அப்படிப்பட்ட ஊரில்தான் சுற்றுவட்டாரத்திலேயே பேர்போன வேட்டுக்காரர் பிறந்து தொலைத்தார். எந்தக் கோயிலில் தேர் நிலைக்கு வந்தாலும் கடைசியாக விழுகிற அதிர்வேட்டு அழகுமலை வேட்டாகத்தான் இருக்கும், அந்தச் சத்தத்தில் மூணு ஊருக்கு அப்பால் பானை சட்டியெல்லாம் குலுங்கும் என்பார்கள், ஆனால் சொந்த ஊரில் ஒரு திரியைக்கூடக் கொளுத்திப்பார்க்க முடியாமல், மருந்து சோதிப்பதற்கும் எல்லைக்கல்லைத் தாண்டிப் போய்விட்டு வரவேண்டியிருந்தது அவருக்கு. இருபத்தெட்டு வருஷம் அப்படியே போயிற்று. அந்த இருபத்தெட்டு வருஷத்தில் வலது காது முழுசாகப் போய், இடது காது பாதி போய், அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் அவரால் பேச முடியும் என்றாகிவிட்டது. பெண்டாட்டி ஒச்சம்மாள் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது, “கத்தாதீக” என்று சொல்லுவாள். சோறு போடும்போது சொல்லுவாள், பேரம் பேசும்போது சொல்லுவாள், திருப்பூரில் இருக்கிற மகனோடு அவர் போனில் பேசும்போது பக்கத்தில் நின்று சொல்லுவாள். அவருக்கு அது காதில் விழுந்ததோ இல்லையோ, அவள் உதடு அசைவதைப் பார்த்தே குரலைக் குறைத்துக்கொள்வார்.

அந்த வருஷம் பங்குனியில் சிவன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்தார்கள். திருப்பணிக் கமிட்டித் தலைவர் சேவுகப்பெருமாள், பஸ் டிப்போவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், விசில் இல்லாமல் எந்தக் காரியமும் நகராது என்பது அவருடைய கொள்கை. புதுசாக வர்ணம் அடித்த கோபுரத்தில் வௌவால் எச்சம் விழுவதை அவரால் பொறுக்க முடியவில்லை, அதனால் கோபுரத்துப் பொந்துகளையெல்லாம் சிமெண்டு வைத்து அடைத்து, மேலே வலையும் கட்டச் சொன்னார், பிறகு கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, இப்படி ஒரு வேட்டுக்காரரை நம் ஊரிலேயே வைத்துக்கொண்டு அவர் வேட்டை நம் காதால் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே என்று வருத்தப்பட்டார். அந்த ஒரு பேச்சு அழகுமலையின் நல்ல காதில் நேராகப் போய் விழுந்தது. இருபத்தொரு வேட்டுப் போடுவதாக ஒப்புக்கொண்டு, அன்றைக்கு அவர் வீட்டுக்குத் தரையில் கால் பாவாமல் வந்தார்.

ஒச்சம்மாள் வேண்டாம் என்றாள். “வயித்துல குட்டியோட தொங்குதுக. இருபத்தொண்ணு வேணாம், ஒண்ணே ஒண்ணுகூட வேணாம்” என்றாள். பின்னாளில் அவர், அவள் வலது பக்கமாக நின்று சொன்னதால் எனக்குக் கேட்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவள் நின்றது இடது பக்கம். அது அவருக்கும் தெரியும்.

கலசத்தில் தண்ணீர் ஊற்றியதும் முதல் வேட்டு விழுந்தது. மூன்றாவது வேட்டுக்கு ஆலமரம் மொத்தமாகக் கிளம்பியது. வானம் மறைந்தது, இறக்கைச் சத்தம் அழகுமலைக்குக் கேட்கவில்லை, ஆனால் அந்தக் காற்று அவர் முகத்தில் அடித்தது, அடித்தும் அவர் கையிலிருந்த தீவட்டியைக் கீழே போடவில்லை, ஊரே தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்கிற மப்பில் இருபத்தொன்றையும் வரிசையாகக் கொளுத்தி முடித்தார். ஆலமரத்துப் பெரிய வௌவால்கள் போயின, பொந்து அடைபட்டுக் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்த வௌவால்கள் போயின, ஓட்டு இடுக்கில் ஒண்டியிருந்த கட்டைவிரல் அளவு வௌவால்கள் போயின, பனையோலைக்கு அடியிலும் வாழைச் சருகுக்குள்ளும் யாருக்கும் தெரியாமல் குடித்தனம் நடத்தியவைகூட மேற்கே பார்த்துப் போயின. கைதட்டல் ஓய்ந்தபோது ஊருக்குள் ஒரு வௌவாலும் இல்லை.

அன்று சாயங்காலம் ஆறு இருபதுக்குச் சூரியன் ஒழுங்காக மறைந்தது, ஆனால் வெளிச்சம் போகவில்லை. பந்தி முடிந்தும் கிளம்பாத சொந்தக்காரரைப் போல, வடிகஞ்சி நிறத்தில் ஒரு வெளிச்சம் ஊருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. ஏழு ஆயிற்று, எட்டு ஆயிற்று, கொக்குகள் கண்மாயில் நின்றபடி நின்றன, மறுபடியும் கிழக்கே சூரியன் வரும்வரைக்கும் அந்த வெளிச்சம் அசையவே இல்லை. இதில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பால்காரர் வராவிட்டால் பால் இல்லை என்பதுபோல, “அதுகதான ராத்திரிய எடுத்துட்டு வரும், போகையில கையோட கொண்டுபோயிருச்சுக” என்றாள் ஒச்சம்மாள், கேட்டவர்களும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள்.

முதல் வாரம் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. எந்நேரமும் நெல் காயப்போடலாம் என்று ஒரு கூட்டம் சந்தோஷப்பட்டது, தெருவிளக்குக்கு இனி வேலையில்லை என்று மின்வாரியத்து ஆள் வந்து பல்புகளையெல்லாம் கழற்றிக்கொண்டுபோய் இருட்டு இருக்கிற ஊர்களுக்கு மாட்டினார். அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. சேவல்கள் மூன்று நாள் கண்டபடி கூவிப் பார்த்துவிட்டு, நாலாம் நாள் கூரைமேல் உட்கார்ந்து வெறித்துப் பார்க்கத் தொடங்கின. எட்டு மணிக்கு வா என்றால் எந்த எட்டு என்று ஆள் ஆளுக்குச் சண்டை வந்தது, இட்லியா சோறா என்று தெரியாமல் பெண்கள் இரண்டையும் செய்து வைத்தார்கள். டிவியில் எந்த நாடகம் ஓடுகிறது என்பதைப் பார்த்துத்தான் பொழுதையே தெரிந்துகொண்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் மேலிடத்துக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தார், படிவத்தில் வெள்ளத்துக்குக் கட்டம் இருந்தது, வறட்சிக்கு இருந்தது, இரவு வராததற்குக் கட்டம் இல்லை, அதனால் வறட்சியிலேயே எழுதி அனுப்பினார். வந்து பார்த்த அதிகாரிகள் டீ குடித்துவிட்டு, ஆய்வில் உள்ளது என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் கீழக்குறிச்சியில் இரவு எப்போதும்போல வந்து போய்க்கொண்டிருந்தது. கல்லின்மேல் ஏறி நின்றால் ஒரு கால் வெளிச்சத்திலும் ஒரு கால் இருட்டிலும் இருக்கும். ஆலங்கண்மாய்க்காரர்கள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய் அந்தப் பக்கத்து ரோட்டோரத்தில் படுத்தார்கள், புதுசாகக் கல்யாணமான ஜோடியை அங்கே ஒரு மோட்டார் ரூமைக் கேட்டு வாங்கித் தங்கவைத்தார்கள், எங்கள் ராத்திரியில் வந்து நீங்கள் குறட்டை விட்டால் நாங்கள் எங்கே தூங்குவது என்று கீழக்குறிச்சிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பு ஏச்சுப்பேச்சாக மாறும் முன்பே, சில குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூருக்குப் போய்விட்டன. பாயைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர்க்காரன் இருட்டில் போய்ப் படுக்க மானம் இடம் கொடுக்காத ஒரே ஆள் சேவுகப்பெருமாள். அவர் கண்ணைத் திறந்தபடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், நாளுக்கு நாள் அவர் கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்துகொண்டே வந்தது.

ஒச்சம்மாளுக்குக் கிணற்றடியில் கொஞ்சம் மல்லிகைச் செடி இருந்தது. மல்லிகை மொட்டுக்கு வெயிலும் வேண்டும், இருட்டும் வேண்டும். இருட்டு இல்லாத ஊரில் மொட்டுகள் அரிசியளவுக்கு மேல் வளராமல் பச்சையாகவே நின்றன. அவளுக்கு வேறொரு கவலையும் இருந்தது. வேட்டு விழுந்த மறுநாள் ஆலமரத்தடியில் அவள் ஒரு குட்டியைக் கண்டெடுத்தாள், தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தது கிளம்பிய அவசரத்தில் நழுவி விழுந்திருக்க வேண்டும், நரிமுகமும் புளியங்கொட்டைக் கண்ணுமாக அது அவள் முந்தானையைப் பற்றிக்கொண்டது. ஆட்டுப்பாலைப் பஞ்சில் நனைத்து ஊட்டினாள். வீட்டுக்குள் கட்டியிருந்த கொடியில், அவருடைய கைலிக்கும் அவளுடைய சேலைக்கும் நடுவில் அது தலைகீழாகத் தொங்கியது.

எட்டாம் நாள் அவள் துணிப்பையை எடுத்துவைத்தாள். கோபமாகக்கூட இல்லை, அதுதான் அழகுமலையை உலுக்கியது. பகலில் போடுகிற சண்டை ராத்திரிக்குத் தீர்ந்துவிடும் என்றுதான் அவர்கள் முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருந்தார்கள், இருட்டில் யார் முதலில் பேசினார்கள் என்பது தெரியாது, தெரியாததால் யாருக்கும் தோல்வி கிடையாது, இப்போது அந்த வழியும் அடைபட்டுப்போனது. குட்டிக்கு எத்தனை மணிக்கு ஒரு தடவை பால், எவ்வளவு பால், எப்போது பழம் மசித்துக் கொடுக்கவேண்டும் என்றெல்லாம் சொன்னாள். கீழக்குறிச்சியில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். எப்போது வருவாய் என்று அவர் தெருவுக்கே கேட்கிறமாதிரி கேட்டார். கத்தாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை.

“இருட்டுனா வர்றேன்” என்றாள்.

எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான், சந்தைக்குப் போகும்போதும் விசேஷ வீட்டுக்குப் போகும்போதும் சொல்கிறதுதான். இந்தத் தடவை இருட்டுவதற்கு ராத்திரிதான் இல்லை.

அவள் போன பிறகு, வீட்டில் அவர் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் கேட்க ஆளில்லை. ஒருநாள் வேண்டுமென்றே நடுவீட்டில் நின்று கத்திப் பார்த்தார். குட்டிதான் பயந்து கைலிக்குள் புகுந்துகொண்டது. அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது, அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டில் வாயையே திறக்கவில்லை.

வெள்ளியன்குடி என்கிற ஊரில் மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது என்று பஸ் கண்டக்டர் ஒருவர் மூலமாகச் செய்தி வந்தது. குட்டியின் பாலுக்குப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு அழகுமலை பஸ் ஏறினார். போய்ப் பார்த்தால் அங்கே தலைகீழ்க் கஷ்டம். காலை பத்து மணிக்கு லைட் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் நடந்தது, உழுகிற மாடு சாலிலேயே படுத்துத் தூங்கியது, ஊரின் சொந்த ராத்திரிமேல் ஆலங்கண்மாய் ராத்திரியும் சேர்ந்து விழுந்ததால் இட்லி மாவு பொங்கிப் புளித்து வழிந்தும் விடியவில்லை என்று பெண்கள் திட்டினார்கள். ஊருக்கு வெளியே புளியந்தோப்பு முழுக்க நம் வௌவால்கள். அதன் கீழே கையில் நோட்டோடு ஒரு பெண் நின்றாள், பல்கலைக்கழகத்திலிருந்து வௌவால் எண்ண வந்தவள், ரெஜினா என்று பெயர், பதினொரு நாளாக எண்ணுகிறாள், இருட்டில் எண்ணிக்கை பிசகிப் பிசகித் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

அழகுமலை அவளிடம் எதையும் மறைக்கவில்லை. வேட்டுப் போட்டது நான்தான் என்றார். அவள் முகம் கடுகடுத்தது, ஆனாலும் அவர் நின்ற நிலையைப் பார்த்து மனது இறங்கி, அவரை உட்காரவைத்துப் பேசினாள். எல்லா வௌவாலும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள், இந்தப் பெரியது பழம் தின்னும், ஒரே ராத்திரியில் நாலைந்து ஊர் தாண்டிப் போய்க் கொட்டை போட்டுவிட்டு வரும், நீங்கள் நடாத அத்திமரமும் இலுப்பை மரமும் இது நட்டதுதான், ஓட்டு இடுக்கில் இருப்பது கொசுவும் பூச்சியும் தின்னும், அதற்கு உள்ளே நுழைய ஒரு விரல் இடம் போதும், கோபுரத்தில் இருப்பதற்குக் கல்பொந்துதான் வேண்டும், சின்ன மூக்குள்ள பழந்தின்னி பனையோலையை வளைத்துக் குடிசை கட்டும், இலுப்பைப் பூவில் தேன் குடிக்கும், இன்னொன்று இருக்கிறது, ஆரஞ்சு நிறம், கறுப்பு இறக்கை, வாழைச் சருகின் சுருளுக்குள் ஒன்றோ இரண்டோ படுத்திருக்கும், சருகை அறுத்தால் அதற்கு வீடு போச்சு என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள்.

“கூப்பிட்டா வர அது நாய் இல்லண்ணே. இருக்க இடம் இருந்தா தானா வரும்” என்றாள் கடைசியில்.

அவர் கூச்சத்தோடு குட்டியைப் பற்றிச் சொன்னார். அது தாயைக் கூப்பிடுகிறதா என்று அவள் கேட்டாள், ஆயிரம் குட்டி ஒன்றாகக் கத்தினாலும் தாய்க்குத் தன் குட்டியின் குரல் தெரியுமாம். இல்லையே, அது சத்தமே போடுவதில்லையே என்றார் அழகுமலை. ரெஜினா அவர் பேசுகிற உரத்த குரலையும் அவர் காதையும் ஒரு நிமிஷம் கவனித்தாள்.

“அது கூப்பிட்டுக்கிட்டுத்தான்ணே இருக்கும். ஒங்களுக்குத்தான் கேக்கல.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவருக்கு வேறு எதுவுமே ஓடவில்லை. இத்தனை நாள் தன் தலைக்கு மேலேயே ஒரு பிள்ளை தாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது, தானோ ரொம்பச் சாதுவான குட்டி என்று நினைத்துக்கொண்டு பால் ஊட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் மீதியிருந்த கருமருந்தை மூட்டையோடு கண்மாய்த் தண்ணீரில் கரைத்தார், வேட்டுக்குழாய்களைத் தூக்கி மல்லிகைச் செடிக்கு அண்டை கொடுத்தார், பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, போன வருஷம்தான் பூசிய ஓட்டு இடுக்குகளைப் பெயர்க்க ஆரம்பித்தார். பெண்டாட்டி போனதில் மனுஷனுக்குக் கழன்றுவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அஞ்சாம் நாள் இரண்டு வந்தன, பத்தாம் நாள் இருபது. தீப்பெட்டி கனம்கூட இல்லாத அந்தச் சின்ன வௌவால்கள் இருட்டைக் கொண்டுவரவில்லை, அந்த அளவுக்கு அவைகளுக்கு இறக்கை கிடையாது, ஆனால் கொட்டாவியைக் கொண்டுவந்தன. அழகுமலை வீட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தால் பட்டப்பகல் போன்ற அந்த வெளிச்சத்திலேயே வாய் பிளந்து கொட்டாவி வந்தது, கண்ணில் நீர் தேங்கியது, அரைமணி நேரமாவது தலை சாய்ந்தது. விஷயம் பரவி ஊரே அவர் வீட்டு நிழலில் வந்து வரிசையாக உட்கார்ந்தது. சேவுகப்பெருமாள் மூன்று நாள் தெருமுனையில் நின்று பார்த்தார், நாலாம் நாள் அந்த வழியாக வேறு எங்கோ போகிறவர்போல வந்து, சுவரில் சாய்ந்து, முப்பத்தைந்து நாளுக்கான கொட்டாவியை ஒரே மூச்சில் விட்டார். அதை விட்டு முடித்ததும், கோபுரத்தில் ஒரு பொந்தை மட்டும் திறந்து பார்க்கலாம் என்றார். அழகுமலை அன்றைக்கே சாரம் கட்டி ஏறி எல்லாப் பொந்தையும் திறந்தார், வலையை அறுத்தார், புதுவர்ணத்தில் சிமெண்டுத் தூசி படிந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. கோபுரத்து வௌவால்கள் திரும்பியபோது சாயங்கால நேரத்துக் குளிர்ந்த காற்று அவற்றோடு வந்தது.

வாழைத்தோட்டக்காரர் சாகுல் சருகை அறுக்காமல் விட்டார். தோட்டம் பார்க்கச் சீர்கெட்டுப் போனாலும் பரவாயில்லை என்று இரண்டு வாரம் பொறுத்தார், ஒருநாள் சருகுச் சுருளுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கைப்பிடி எதுவோ சுருண்டு கிடந்தது, வாடிய வாழைப்பூ மடல் என்றுதான் முதலில் நினைத்தாராம். அது வந்த நாளிலிருந்து ஊரில் எல்லோருக்கும் கனவு வர ஆரம்பித்தது. இருட்டு இல்லாததால் கண்ணைத் திறந்தபடியே கனவு கண்டார்கள். சேவுகப்பெருமாளின் பழைய பதினாலாம் நம்பர் பஸ் கடைத்தெரு வழியாக மெதுவாகப் போனது, அவர் எழுந்து விசிலைத் தேடினார், பிறகு எதையோ நினைத்து விசில் ஊதாமலேயே கையைக் காட்டி அனுப்பிவைத்தார். அழகுமலைக்கு மட்டும் ஒரே கனவுதான், அடுப்படியில் ஒச்சம்மாள் உதட்டை அசைப்பாள், என்ன சொல்கிறாள் என்று கேட்காது.

பனையோலை வௌவால்கள் இலுப்பை மரத்துக்கு வந்தபோது வாசம் வந்தது, வாசம் வந்ததும் கிணற்றடி மல்லிகை வெளுத்தது. அவர் கைநிறைய மொட்டுப் பறித்து வாழை இலையில் கட்டிக் கண்டக்டரிடம் கொடுத்து, கீழக்குறிச்சி நிறுத்தத்தில் ஒச்சம்மாளிடம் சேர்க்கச் சொன்னார். மறுநாள் கண்டக்டர் பதில் கொண்டுவந்தார், அவள் பூவை வாங்கி மோந்து பார்த்தாள், தலையில் வைத்துக்கொள்ளவில்லை, பாதிப் பூவை அந்த இலையிலேயே திருப்பிக் கொடுத்து, பூ வந்துவிட்டது, இருட்டு எங்கே என்று கேட்கச் சொன்னாள். அவள் சாயங்காலமானால் எல்லைக்கல் வரைக்கும் நடந்து வந்து நின்றுவிட்டுப் போகிறாள் என்பதையும் கண்டக்டர் சொன்னார், அதை அவள் சொல்லச் சொல்லவில்லை.

இருட்டு ஆலமரத்து வௌவால்களிடம்தான் இருந்தது. இலுப்பைப் பூ வாசத்துக்கோ என்னவோ, அவை தினமும் ஆறரை மணிக்கு மேற்கிலிருந்து வர ஆரம்பித்தன, கூடவே ஒரு துண்டு இருட்டு வயல்மேல் மேகநிழல் மாதிரி நகர்ந்து வந்தது. கண்மாய் மேல் தாழப் பறந்து வயிற்றை நனைத்து, அந்த ஈரத்தை நக்கிக் குடித்தன, ஆலமரத்தை இரண்டு சுற்றுச் சுற்றின, எங்கோ ஒரு மிக்ஸி ஓடினாலோ ஒரு ஹாரன் அடித்தாலோ, மரத்தைத் தொடாமலேயே இருட்டைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போயின. பத்து நாள் இப்படியே நடந்தது. எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது, மேற்கில் மழை விழுந்துவிட்டால் அவை இன்னும் தூரமாகப் போய்விடும், அப்புறம் வராது என்று ரெஜினா போனில் சொன்னாள்.

அழகுமலை குட்டியை மரத்தில் தொங்கவிடலாம் என்றார். அதன் குரல் மேலே போகவேண்டுமானால் ஊரில் ஒரு சத்தம் இருக்கக்கூடாது. சேவுகப்பெருமாள் உடனே கோயில் மைக்கைப் பிடித்து, பொதுமக்கள் அனைவரும் அமைதி காக்குமாறு என்று ஆரம்பித்து, பாதியில் தன் குரல் ஒலிபெருக்கியில் அலறுவதைத் தானே கேட்டு வெட்கப்பட்டு, மைக்கை அணைத்துவிட்டு வீடு வீடாக நடந்துபோய்ச் சொன்னார். அன்று சாயங்காலம் பம்புசெட்டுகள் நின்றன, டிவிகள் நின்றன, அம்மியில் அரைத்தவள் பாதியில் எழுந்து வந்தாள், கொலுசு போட்டவர்கள் கழற்றிவைத்துவிட்டு வந்தார்கள். கண்மாய்க்கரை முழுக்க ஜனம். அழகுமலை சாரத்து ஏணியில் ஏறி, ஒச்சம்மாளின் பழைய முந்தானைத் துண்டைத் தாழ்ந்த கிளையில் சுற்றி, அதில் குட்டியைத் தொங்கவிட்டார். அது அவர் விரலை விடமாட்டேன் என்றது. ஒவ்வொரு நகமாக எடுத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

ஆறரை மணிக்கு அவை வந்தன, சுற்றின. குட்டி கூப்பிடுகிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் அவர் மரத்தைப் பார்க்காமல் ஜனங்களின் முகத்தைப் பார்த்தார். வெறும் முகங்கள், காத்திருக்கிற முகங்கள், பிறகு முன்வரிசையில் ஒருத்தி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள், சாகுலின் தலை மேலே திரும்பியது, சேவுகப்பெருமாளின் சிவந்த கண்ணில் நீர் இறங்கியது, ஒவ்வொரு தலையாக மேலே திரும்ப ஆரம்பித்தது. ஊரே கேட்கிற ஒன்றைத் தான் மட்டும் கேட்கமுடியாமல் அழகுமலை நின்றார். நான் போட்ட இருபத்தொரு வேட்டுக்கும் இதுதான் சரியான கூலி என்று நினைத்துக்கொண்டார், நினைத்தாலும் அது கூப்பிடுகிறதே என்கிற சந்தோஷம் அவருக்குத் தாளவில்லை.

கூட்டத்திலிருந்து ஒன்று மட்டும் பிரிந்து இறங்கியது. கிளையைப் பிடித்துத் தலைகீழானது, நகர்ந்து நகர்ந்து துண்டுக்கு அருகில் வந்தது, மோந்து பார்த்தது, இறக்கையை விரித்துக் குட்டியை உள்ளே இழுத்து மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு பத்து இறங்கின, நூறு இறங்கின, மரம் பழையபடி காய்த்துவிட்டதுபோல ஆயிற்று, கடைசி வௌவாலும் கிளையைப் பிடித்ததும் எல்லாம் ஒன்றாக இறக்கையை விரித்து ஒரே ஒரு உதறு உதறின. அறுபத்திரண்டு நாளாக மடித்து வைத்திருந்த இருட்டு மொத்தமும் ஆலங்கண்மாய் மேல் விழுந்தது.

அது அப்படி ஒரு இருட்டு. தெருவிளக்கில் பல்பு இல்லை, வீட்டில் விளக்கேற்றுகிற நினைப்பு யாருக்கும் இல்லை, பக்கத்தில் நிற்கிறவர் முகம் தெரியவில்லை. கரையெங்கும் ஜனங்கள் கையை நீட்டித் துழாவினார்கள், பிள்ளைகள் அம்மாவைக் கூப்பிட்டன, அம்மாக்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள், எல்லோரும் ரகசியம் பேசுகிற குரலில்தான் கூப்பிட்டார்கள், குரலைக் கேட்டுக் கேட்டே ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துக் கையைக் கோத்துக்கொண்டார்கள். அழகுமலை மரத்தடியில் தனியாக நின்றார். தன்னை யாராவது கூப்பிட்டால் தனக்குக் கேட்காது என்று அவருக்குத் தெரியும். கூப்பிடவேண்டியது தான்தான் என்பதும் தெரியும். எல்லைக்கல்லிலிருந்து கண்மாய்க்கரைக்கு நடந்து வர எவ்வளவு நேரமாகும் என்று மனதுக்குள் ஒவ்வொரு அடியாக நடந்து பார்த்தார், இலுப்பை மரம் தாண்டியிருப்பாள், கோயில் தாண்டியிருப்பாள், வந்தால் வந்திருப்பாள். அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

“ஒச்சம்மா” என்று அவர் கூப்பிட்டார். மெதுவாகத்தான் கூப்பிட்டதாக நினைத்தார், ஆனால் அந்தச் சத்தத்தில் ஆலமரத்தில் பத்துப் பதினைந்து இறக்கைகள் படபடத்தன.

அவருடைய இடது காதோரம் மல்லிகை வாசம் வந்தது, ஒரு கை அவர் தோளைப் பிடித்தது.

“இங்கதான் நிக்கிறேன். கத்தாதீக, அதுக பயந்துரும்.”